வடசென்னைக்குத் தனியாக ஒரு பொது இசை வானொலி: தேவையா, வீண் செலவா?

பெரம்பூர் லோகோ:

2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் பொது ஒலிபரப்புக்கு இரண்டு ஆண்டுகளுக்கென ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரை ரத்து செய்தது. 1967-ல் வந்த சட்டத்தின்படி அந்தப் பணத்தைப் பிரித்துக் கொடுத்துவந்த கழகம், அடுத்த மாதமே கடையைக் கட்டப்போவதாக அறிவித்துவிட்டது. செய்தியும் தொலைக்காட்சியும் என்ன ஆகும் என்றுதான் எல்லோரும் பேசினார்கள். எனக்கு அங்குள்ள ஊர் இசை வானொலிகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. லாப நோக்கம் இல்லாமல், அந்தந்த ஊர்ப் பாட்டைப் போட்டுக்கொண்டு நிறைய நிலையங்கள் ஓடுகின்றன. அவை கட்டவேண்டிய பாட்டு உரிமைத் தொகையை மொத்தமாகப் பேசி முடித்துவந்ததும் அதே கழகம்தான்.

அவர்கள் இழப்பதைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். நமக்கு அது இருந்ததே இல்லை. சென்னை வானொலி காமராஜர் சாலையில் இருக்கிறது, அதன் ரெயின்போ எஃப்எம் 101.4 எங்கள் வீட்டில் நன்றாகவே எடுக்கிறது. ஆனால் அது மொத்த நகரத்துக்கானது. ராயபுரம் முதல் எண்ணூர் வரை, இந்தப் பக்கம் வியாசர்பாடி, கொடுங்கையூர், பெரம்பூர் வரை இத்தனை லட்சம் பேர் இருக்கும் இடத்துக்கென்று ஓர் அலைவரிசை கிடையாது. 2004-ல் வந்த அண்ணா எஃப்எம் கிண்டியில். எம்.ஓ.பி. கல்லூரி வானொலி நுங்கம்பாக்கத்தில். எனக்குத் தெரிந்து வடசென்னைப் பக்கம் எதுவும் வரவில்லை.

புதிய ஆசை என்று நினைக்காதீர்கள். சென்னை மாநகராட்சியே ஒரு காலத்தில் வானொலி நடத்தியது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் 1924-ல் தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் பணம் இல்லாமல் 1927-ல் நின்றபோது, கருவியை மாநகராட்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சி ஒலிபரப்பியது. பூங்காவிலும் கடற்கரையிலும் ஒலிபெருக்கி வைத்து ஊருக்கே பாட்டு போட்டார்கள். 1938 ஜூனில் அகில இந்திய வானொலி மெட்ராஸுக்கு வந்த பிறகுதான் அது முடிந்தது.

ஆகவே என் கேள்வி: பொதுப்பணத்தில், பாட்டை முதன்மையாக வைத்து, வடசென்னைக்கு ஒரு சின்ன வானொலி கேட்பதில் என்ன தவறு?

கணக்குப்பிள்ளை:

தவறு எதுவும் இல்லை சார். காசுதான் இல்லை.

கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். கொடுங்கையூர் குப்பை மேடு அங்கேயே இருக்கிறது. இதெல்லாம் வரிசையில் நிற்கும்போது பாட்டு போட ஒரு நிலையம் கேட்டு எந்த முகத்தோடு மனு கொடுப்பது? பாட்டுக்கா இங்கே பஞ்சம்? எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. யூடியூபில் கேட்காத பாட்டா? தனியார் எஃப்எம் இத்தனை இருக்கின்றன, அவையும் இலவசம்தான்.

இன்னொன்று. 1930-ல் பூங்காவில் ஒலிபெருக்கி வைத்ததற்குக் காரணம் வீட்டில் ரேடியோ வாங்க மக்களிடம் வசதி இல்லை என்பது. அந்தக் குறையே இன்று கிடையாது. மருந்து எதற்கு?

பழைய கதை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை.

தையல் அக்கா:

கணக்குப்பிள்ளை சார், கையில் போன் இருப்பவர் கை சும்மா இருக்கவேண்டும். என் கை காலையிலிருந்து மிஷினில். தண்டையார்பேட்டையில் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். யூடியூபில் ஒரு பாட்டு முடிந்தால் விளம்பரம், அதைத் தள்ளுவதற்கு ஊசியை நிறுத்தவேண்டும். பிறகு அதுவாக எதையோ ஓடவிடும். டேட்டாவும் தீரும், சாயங்காலம் பையன் பாடத்துக்குக் கேட்பான். ரேடியோ என்றால் காலையில் காதைத் திருகினால் போதும், ராத்திரி வரை கூடவே இருக்கும்.

தனியார் எஃப்எம்மும் கேட்கிறேன். பேசுகிற பிள்ளைகள் கலகலப்பாகப் பேசுவார்கள். ஆனால் அதே பாட்டுகள்தான் சுற்றிச் சுற்றி. காலையில் போட்டதை மதியம், மதியம் போட்டதை ராத்திரி. நாங்கள் இருக்கும் ஏரியா பெயர் அதில் வருவது எப்போது தெரியுமா? பேசின் பிரிட்ஜில் டிராஃபிக் ஜாம் என்றால் வரும். அதுவும் என்றைக்காவது.

சட்டிமேளம்:

தையல் அக்கா, பெயர் வரவில்லை என்கிறீர்கள். எங்கள் பாட்டே வரவில்லை. அதனால்தான் நான் இதை எதிர்க்கிறேன். கணக்குப்பிள்ளை அண்ணன் சொல்லும் காரணம் வேறு, என் காரணம் வேறு.

அரசு வானொலி என்றால் என்ன என்று கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். 1940-ல் ஆர்மோனியம் இந்திய இசைக்கு ஆகாது என்று அகில இந்திய வானொலி தடை போட்டது. 1971 வரைக்கும் அது தளரவில்லை. நாடக மேடையிலும் கூத்திலும் பஜனையிலும் ஊரே ஆர்மோனியத்தில் பாடிக்கொண்டிருந்த காலம் அது. 1952-ல் செய்தி ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கும் என்று வானொலியிலிருந்து அதை ஓரங்கட்டினார். மக்கள் என்ன செய்தார்கள்? இலங்கை வானொலிக்குத் திருப்பிவிட்டுப் போய்விட்டார்கள். வேறு வழியில்லாமல் 1957-ல் விவித் பாரதி வந்தது.

ஆர்மோனியத்துக்கே இந்தக் கதி. சட்டி, டோலக், புல்புல் தாராவோடு சாவு வீட்டில் விடிய விடியப் பாடும் கானாவுக்கு எந்தக் கதவு திறக்கும்? என் மாமா ஒரு நிலையத்தில் குரல் தேர்வுக்குப் போனார். இரண்டு வரி பாடியதும் போதும் என்றார்களாம். எந்த ஊர் என்று கேட்டார்களாம். அதோடு சரி.

எங்களுக்குக் கேட்பவர்களைக் கொடுத்தது கேசட், அப்புறம் சினிமா, அப்புறம் யூடியூப். 2018-ல் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு மேடை ஏறியபோதும், 2020-ல் மார்கழியில் மக்களிசை விழா தொடங்கியபோதும் நாங்கள் யாரிடமும் தரச்சான்று வாங்கவில்லை. இப்போது எதற்குத் திரும்பப் போய் ஒரு கமிட்டி முன்னால் நிற்கவேண்டும்?

பெரம்பூர் லோகோ:

தம்பி, நீங்கள் சொன்னது எல்லாம் நடந்ததுதான், ஒன்றையும் மறுக்கமாட்டேன். ஆனால் கேஸ்கர் கதையில் ஒரு பாதியை விட்டுவிட்டீர்கள். மக்கள் திருப்பிவிட்டுப் போன இலங்கை வானொலி யாருடையது? அதுவும் அரசு நிலையம்தான். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் எல்லாம் ஒரு அரசு நிறுவனத்தில் அமர்ந்துதான் நம் வீடுகளுக்குள் வந்தார்கள். எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டில் பாட்டு கேட்டால் வரிசை முழுவதும் அதே பாட்டு கேட்கும், நடந்துகொண்டே ஒரு வரியும் விடாமல் கேட்கலாம்.

ஆக, அரசு நடத்தினால் மக்கள் பாட்டு வராது என்று சொல்ல முடியாது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் யார் என்று கேட்கவேண்டும்.

கணக்குப்பிள்ளை:

லோகோ சார், இலங்கை வானொலியின் அந்தச் சேவை வர்த்தக சேவை. விளம்பரம் வாங்கி ஓடியது. பொதுப்பணத்துக்கு அதை உதாரணம் காட்ட முடியாது.

சட்டிமேளம்:

அந்த நாற்காலியில் யார் உட்காருவார் என்பதுதானே சார் எங்கள் பிரச்சினையே.

எண்ணூர் முகத்துவாரம்:

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். ராமேசுவரம் பக்கம் பாம்பனில் கடல் ஓசை 90.4 என்று ஒன்று 2016 முதல் ஓடுகிறது. மீனவர்களுக்கான சமுதாய வானொலி. காற்று, அலை, கடல் நிலவரம் சொல்வார்கள். நடுவில் பாட்டு, பேட்டி, கதை. பாம்பனுக்கு முடிந்தது நமக்கு ஏன் முடியாது?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு கச்சா எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எங்கள் உப்பங்கழிக்குள் வந்தது. படகு, வலை, கரை எல்லாம் கறுப்பு. எது வரைக்கும் பரவியிருக்கிறது, எங்கே இறங்கலாம், யார் கணக்கெடுக்க வருகிறார்கள், நிவாரணத்துக்கு எந்தக் காகிதம் வேண்டும் என்று ஆளுக்கு ஒரு வாட்ஸ்அப். ஒன்றுக்கொன்று சேராது. 2016-ல் வர்தா அடித்தபோது அதுவும் இல்லை, டவரே படுத்துவிட்டது. பேட்டரி ரேடியோ வைத்திருந்த வீட்டில்தான் போய் நின்றோம்.

கணக்குப்பிள்ளை:

எச்சரிக்கைக்கு வானொலி வேண்டும் என்றால் ஒத்துக்கொள்கிறேன். 2023 ஏப்ரலில் மத்திய அரசே போன்களில் எஃப்எம் வசதியை மூடி வைக்காதீர்கள் என்று தயாரிப்பாளர்களிடம் சொன்னது. பேரிடர்தான் காரணம். ஆனால் அதற்கு இருக்கிற சென்னை வானொலி போதாதா? பாட்டு எதற்கு?

எண்ணூர் முகத்துவாரம்:

அண்ணே, வெறும் எச்சரிக்கை மட்டும் சொல்லும் அலைவரிசையை யாராவது திருப்பி வைத்திருப்பார்களா? புயல் என்றைக்கு வரும் என்று காத்திருந்து கேட்பதற்கு யாருக்கும் பொறுமை கிடையாது. எங்கள் அப்பா வலை பின்னும்போது பாட்டு ஓடவேண்டும். பாட்டுக்காக ஓடுகிற ரேடியோவில்தான் எச்சரிக்கை காதில் விழும். சென்னை வானொலியில் வடதமிழகக் கடலோரம் என்று சொல்வார்கள். பழவேற்காட்டிலிருந்து கோவளம் வரைக்கும் அதற்குள் அடங்கும். எங்கள் முகத்துவாரத்தில் மண் அடைத்திருக்கிறதா என்பதை அவர்கள் எப்படிச் சொல்வார்கள்?

சட்டிமேளம்:

இது நியாயமான பேச்சு. ஆனால் கடலில் எடுக்குமா?

எண்ணூர் முகத்துவாரம்:

சமுதாய வானொலிக்கு 100 வாட்தான் அனுமதி. பத்து, பதினைந்து கிலோமீட்டர் போனால் அதிகம். காசிமேட்டு விசைப்படகு அதைத் தாண்டித்தான் போகும், அங்கே எடுக்காது. கரையில் இருக்கும் எங்களுக்கும், பக்கத்தில் ஃபைபர் படகில் போய்வருகிறவர்களுக்கும், ஏலக்கூடத்துப் பெண்களுக்கும் எடுக்கும். அது போதும் என்பேன்.

தம்புச்செட்டி வாசி:

கானா, மீனவர் என்றே போய்க்கொண்டிருக்கிறது. வடசென்னை என்றால் அது மட்டும்தானா? சினிமாக்காரர்கள் வரைந்த படத்தை நாமே ஏன் மாட்டிக்கொள்ளவேண்டும்?

தியாகராஜர் சென்னைக்கு வந்து தங்கியது பந்தர் தெருவில். திருவொற்றியூர் திரிபுரசுந்தரி மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடியிருக்கிறார். வீணை தனம்மாள் வெள்ளிக்கிழமைதோறும் வாசித்தது ஜார்ஜ் டவுன் ராமகிருஷ்ணன் தெரு வீட்டில். பெரிய பெரிய வித்துவான்கள் அந்தச் சின்ன வீட்டில் சத்தம் போடாமல் உட்கார்ந்து கேட்டார்கள். சபா, கச்சேரி, காபி எல்லாம் பிறகு மயிலாப்பூருக்கும் தி.நகருக்கும் போய்விட்டது. டிசம்பர் சீசனில் இந்தப் பக்கத்து ஆள் ஒரு கச்சேரி கேட்கவேண்டும் என்றால் 29சி பஸ் பிடித்துப் போகவேண்டும், இல்லை ரேடியோ.

நிலைய வித்துவான் என்று மாதச் சம்பளம் கொடுத்து நாகசுரக்காரர்களையும் வீணைக்காரர்களையும் காப்பாற்றியது யார்? எந்தத் தனியார் எஃப்எம் அதைச் செய்யும்? வானொலி இல்லையென்றால் பாதிப் பேர் கல்யாண வீட்டோடு முடிந்திருப்பார்கள். தம்பி சொன்ன ஆர்மோனியத் தடை முட்டாள்தனம்தான். அதற்காக எல்லாவற்றையும் தூக்கி எறியக்கூடாது.

சட்டிமேளம்:

ஐயா வந்துவிட்டார். இதைத்தான் முதலிலேயே சொன்னேன். நிலையம் வரும், காலை ஆறு முதல் எட்டு பக்தி, எட்டு முதல் பத்து கீர்த்தனை, கானாவுக்கு ஞாயிறு மதியம் பதினைந்து நிமிடம், "கிராமியக் கலைகள்" என்று பெயர் வைத்து. நகரத்தில் பிறந்த பாட்டுக்குக் கிராமியம் என்று முத்திரை.

தம்புச்செட்டி வாசி:

நான் எங்கே பதினைந்து நிமிடம் என்றேன்?

சட்டிமேளம்:

நீங்கள் சொல்லவேண்டாம் ஐயா, அட்டவணை சொல்லும்.

மட்டுறுத்துநர்:

இருவரும் ஆளைப் பேசாமல் விஷயத்தைப் பேசுங்கள். சாதிப் பெயர் போட்ட ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். அந்த உறுப்பினர் இந்த இழையில் இனி எழுத முடியாது.

தையல் அக்கா:

சண்டை போடுங்கள், ஆனால் எனக்கு இரண்டும் வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பக்கம் கோயில், முனையில் மாதா கெபி, பின்னால் பள்ளிவாசல். நாகூர் ஹனிபா பாட்டு கேட்டுத்தான் நான் வளர்ந்தேன், எங்கள் வீட்டில் கும்பிடுவது அங்காளம்மனை. பெரம்பூர் பக்கம் ஆங்கிலோ இந்தியர்கள் கிறிஸ்துமஸுக்கு கிட்டார் வாசிப்பார்கள், சௌகார்பேட்டையில் மார்வாடிப் பெண்கள் பஜனை பாடுவார்கள், தெலுங்கு பேசுகிறவர்கள் பாதித் தெருவுக்கு இருக்கிறார்கள். இதையெல்லாம் யாராவது ஒரே இடத்தில் போட்டால் நான் கேட்பேன். யூடியூப் எனக்கு நான் ஏற்கெனவே கேட்டதையேதானே திரும்பக் கொடுக்கிறது. பக்கத்துத் தெரு என்ன பாடுகிறது என்று அதற்குத் தெரியாது.

பெரம்பூர் லோகோ:

அக்கா சொன்னதுதான் நான் கேட்பது. இதற்கு ஒரு நிலையம் நிஜமாகவே இருக்கிறது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் டபிள்யூ-டபிள்யூ-ஓ-இசட் என்று, 1980 முதல். அந்த ஊரின் ஜாஸ், பித்தளை வாத்தியக் குழுக்கள், தேவாலயப் பாட்டு, இவைதான் அதன் சாப்பாடு. இன்று இரவு எந்தக் கிளப்பில், எந்தத் தெருவில் யார் வாசிக்கிறார் என்ற பட்டியலை நாள் முழுவதும் இடைவிட்டு இடைவிட்டு வாசிப்பார்கள். கேட்கிறவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போகலாம். 2005-ல் கத்ரீனா புயலில் ஊரே காலியானபோது நிலையம் நின்றுபோனது. உடனே இணையத்தில் அந்தப் பாட்டை ஓடவிட்டார்கள். எங்கெங்கோ தங்கவைக்கப்பட்ட ஊர்க்காரர்கள் அதைக் கேட்டார்கள்.

இங்கே யோசியுங்கள். இன்று இரவு புளியந்தோப்பில் கானாக் கச்சேரி, காலடிப்பேட்டையில் கோயில் நாகசுரம், ராயபுரத்தில் தேவாலயக் குழுப் பாட்டு, கொருக்குப்பேட்டையில் கூத்து. இதைச் சொல்வதற்கு இந்த நகரத்தில் ஒரு வாய் கிடையாது. சுவரொட்டி பார்த்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

கணக்குப்பிள்ளை:

அதற்கு ஒரு வாட்ஸ்அப் சேனல் போதும் சார். சரி, அதை விடுங்கள். நிலையம் வந்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த மாதம் அமைச்சர் பிறந்தநாள். நாள் முழுவதும் புகழ்பாட்டு. தேர்தலுக்கு முன்னால் சாதனைப் பாட்டு. ஆட்சி மாறினால் நிலையத்துக்குப் பெயர் மாறும், பிறகு பூட்டும் மாறும். யார் தடுப்பார்கள்?

லண்டனில் பிபிசி 2010-ல் 6 மியூசிக் என்ற இசை வானொலியை மூடப்போவதாக அறிவித்தது. நேயர்கள் கொதித்தார்கள், மேற்பார்வைக் குழு மூடக்கூடாது என்று நிறுத்திவிட்டது. ஏன் முடிந்தது? அங்கே வீட்டுக்கு வீடு உரிமக் கட்டணம் கட்டுகிறார்கள், இது என் காசு என்று கேட்க முடிகிறது. நம் ஊரில் ரேடியோவுக்கு லைசென்ஸ் எண்பதுகளோடு போய்விட்டது. இலவசமாக வந்த பொருளை இலவசமாகவே பிடுங்கிக்கொண்டு போவார்கள், ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

சியாட்டிலில் கேஇஎக்ஸ்பி என்று ஒரு நிலையம், 90.3. நேயர்கள் தரும் நன்கொடைதான் அதன் முதுகெலும்பு. அப்படி நடத்துங்கள், முதல் ரசீது என் பெயருக்குப் போடுங்கள். அரசுப் பணம் என்றால் நான் வரமாட்டேன்.

தையல் அக்கா:

நன்கொடை எங்கள் தெருவில் வராது என்று நினைக்கிறீர்களா? ஆடி மாதம் கூழ் ஊற்ற வீட்டுக்கு வீடு வசூல் வரும். அதில் பாதி ரேடியோ செட்டுக்கும் சீரியல் லைட்டுக்கும்தான் போகிறது. தெரு முனையில் குழாய் கட்டி, விடியற்காலை ஐந்து மணிக்கு எல்.ஆர். ஈஸ்வரி. யாரும் கேட்காமலே எல்லோரும் கேட்கிறோம், காசும் கொடுக்கிறோம்.

எண்ணூர் முகத்துவாரம்:

அக்கா, மாநகராட்சி விட்ட இடத்தில் தெரு பிடித்துக்கொண்டது. இதில் மூட ஒரு பொத்தான் மட்டும் கிடையாது.

சட்டிமேளம்:

சிரித்துவிட்டேன். சரி, நானும் ஒன்று சொல்லவேண்டும், யூடியூப் பற்றி. அங்கே எங்களுக்குக் கதவு திறந்திருக்கிறது என்றேன், அது உண்மை. ஆனால் உள்ளே என்ன ஓடுகிறது என்று பாருங்கள். கெத்து காட்டும் பாட்டு, லவ் ஃபெய்லியர் பாட்டு, ஒருவனை ஒருவன் திட்டும் பாட்டு, இதற்குத்தான் பார்வை எகிறும். பதினாறாம் நாள் காரியத்தில் செத்தவரின் வாழ்க்கையை முக்கால் மணி நேரம் பாடுவார்கள். அவர் எந்த மில்லில் வேலை பார்த்தார், யாரை எப்படிக் கட்டினார், கடனை யார் பெயரில் வாங்கினார், எல்லாம் பாட்டில் வரும். அதைப் பதினைந்து விநாடி ரீலில் வெட்ட முடியுமா? பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அந்த நீளப் பாட்டு யார் செல்போனிலோ கிடக்கிறது, போன் உடைந்தால் பாட்டும் போச்சு.

சினிமா மெட்டில் பாடினால் காப்பிரைட் என்று எடுத்துவிடுகிறார்கள். கானாவில் பாதி சினிமா மெட்டுதான், அது எங்கள் பழக்கம்.

இன்னும் எதிர்ப்பில்தான் இருக்கிறேன். ஆனால் கேள்வியை மாற்றிக்கொள்கிறேன்: பாடினால் காசு எவ்வளவு? யாருக்கு?

தம்புச்செட்டி வாசி:

வானொலியில் தேர்வு பெற்ற கலைஞருக்கு தரவரிசைப்படி சன்மானம் உண்டு. பி, பி ஹை, ஏ, டாப் என்று போகும். அந்தத் தரவரிசை உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். ஆனால் பாடியவர் கைக்கு ஒரு தொகை வந்தது, அதை மறுக்க முடியாது. 2012 காப்புரிமைத் திருத்தத்துக்குப் பிறகு பாட்டு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் ஒலிபரப்பிலிருந்து ராயல்டியில் பங்கு உண்டு, எழுதி வாங்கிக்கொண்டாலும் அந்தப் பங்கு போகாது. கானாக்காரர்கள் தங்கள் பாட்டைப் பதிவு செய்து, ராயல்டி வசூலித்துத் தரும் சங்கத்தில் சேர்ந்தால் கேட்டு வாங்கலாம். உங்களில் எத்தனை பேர் சேர்ந்திருக்கிறீர்கள்?

சட்டிமேளம்:

எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. அந்தப் படிவத்தை யார் நிரப்பித் தருவார்கள்? ஐயா வருவீர்களா?

தம்புச்செட்டி வாசி:

வருகிறேன். பாரிமுனைக்கு வந்து போன் செய்யுங்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை.

கல்லூரி வாசல்:

நான் இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். சமுதாய வானொலிக்கான விதியை யாரும் பார்க்கவில்லை போலிருக்கிறது. 1995-ல் உச்ச நீதிமன்றம் அலைக்கற்றை பொதுச்சொத்து என்று தீர்ப்பு சொன்னது. அப்புறமும் கல்விக்கூடங்களுக்குக் கதவு திறக்க 2002 டிசம்பர் ஆனது, தொண்டு நிறுவனங்களுக்கு 2006. தனிநபர், கட்சி, லாப நோக்கமுள்ள கம்பெனி விண்ணப்பிக்க முடியாது. பதிவு செய்த சங்கம் என்றால் குறைந்தது மூன்று ஆண்டு வேலை செய்திருக்கவேண்டும். நிகழ்ச்சியில் பாதியாவது உள்ளூரில் செய்ததாக இருக்கவேண்டும். மணிக்குச் சில நிமிடம் விளம்பரம் போடலாம். சொந்தச் செய்தி அறிக்கை கூடாது, அகில இந்திய வானொலிச் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம்.

ஆகவே இங்கே இருப்பவர்கள் நாளைக்கே சங்கம் ஆரம்பித்தாலும் மூன்று ஆண்டு நிற்கவேண்டும். கல்லூரி கேட்டால் அந்தக் காத்திருப்பு இல்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் சர் தியாகராயா கல்லூரி, பிராட்வேயில் பாரதி மகளிர் கல்லூரி, வியாசர்பாடியில் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி. மூன்றில் எதில் கோபுரம் வைத்தாலும் பாதி வடசென்னைக்கு மேல் எடுக்கும். அமைச்சர் போட்டோவும் கணக்குப்பிள்ளை சார் பயப்படும் அளவுக்கு வராது.

கணக்குப்பிள்ளை:

கல்லூரி வானொலி என்றால் செமஸ்டர் லீவில் என்ன ஓடும்? பரீட்சை நேரத்தில்? பேராசிரியர் மாற்றலாகிப் போனால்? ஆரம்ப விழா ஜோராக நடக்கும், இரண்டாம் வருடம் பதிவு செய்ததையே திரும்பத் திரும்பப் போடுவார்கள். பாடத்துக்கான வேலையை ஊருக்கான வேலை என்று கணக்கு காட்டுவது எனக்குப் பிடிக்காது.

பெரம்பூர் லோகோ:

அதனால்தான் சம்பளத்துக்கு ஆள் வேண்டும் என்கிறேன், அதற்குத்தான் பொதுப்பணம். கோபுரமும் கருவியும் ஒருமுறைச் செலவு. தினமும் உட்காருபவருக்குச் சம்பளம் இல்லையென்றால் எந்த நிலையமும் நிற்காது. 1927-ல் அந்த ரேடியோ கிளப் ஏன் மூடியது என்று மறந்துவிடவேண்டாம், ஆசை தீர்ந்து மூடவில்லை. நாற்காலி பற்றித் தம்பி கேட்டதற்கும் சேர்த்துச் சொல்கிறேன்: இரண்டு ஆள் சம்பளத்துக்கு, அதில் ஒருவர் கண்டிப்பாக இந்தப் பக்கத்துப் பாட்டுக்காரர்.

தையல் அக்கா:

இரண்டாவது ஆள் பெண்ணாக இருக்கட்டும். மத்தியான நேரம் வீட்டில் கேட்பது நாங்கள்தான்.

சட்டிமேளம்:

என் நிபந்தனை இது. இரவு பத்து முதல் ஒரு மணி வரை எங்களுக்கு, எழுத்தில் வேண்டும். ஞாயிறு மதியம் கால்மணி நேரம் கிடையாது. நீளப் பாட்டை வெட்டக்கூடாது. குரல் தேர்வு கிடையாது, வந்தவன் பாடுவான், கேட்கிறவன் தீர்மானிப்பான்.

தம்புச்செட்டி வாசி:

பச்சை வசை வந்தால்?

சட்டிமேளம்:

அதை எங்கள் பெரியவர்களே நிறுத்துவார்கள் ஐயா. சாவு வீட்டில் பெண்களும் குழந்தைகளும் உட்கார்ந்திருக்கும்போது பாடுகிறவர்களுக்கு எங்கே என்ன பாடவேண்டும் என்று தெரியும்.

கணக்குப்பிள்ளை:

இரவு பத்து முதல் ஒரு மணி. எந்த விளம்பரக்காரரும் அந்த நேரத்தைத் திரும்பிப் பார்க்கமாட்டார். பொதுப்பணம் என்றால் நான் எதிர்ப்பு, விளம்பரம் என்றால் வராது. மூன்று மணி நேரம் யார் காசில் ஓடும்?

சட்டிமேளம்:

பந்தல்காரர், சவுண்ட் சர்வீஸ், பூ ரதம், ஃப்ரீசர் பாக்ஸ். எங்கள் கச்சேரி நடக்கும் இடத்துக்கு எங்களுக்கு முன்னால் வந்து நிற்பவர்கள் அவர்கள்தான். நம்பர் என்னிடம் இருக்கிறது, கேட்டுச் சொல்கிறேன்.